பழைய காருக்குப் படத்தில் புது உடல்: எங்கே பிழை வருகிறது, எப்படித் திருத்துவது

வன்னியில் பழைய கார்கள் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பரந்தனிலோ மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ ஏதாவதொரு வளவுக்குள், பாதி தறப்பாள் போர்த்தபடி, ஒரு ஒஸ்ரின் ஏ40 அல்லது மொறிஸ் மைனர் நிற்கும். அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்: “இதைப் பிக்கப்பாக்கினால் எப்படி இருக்கும்?” இன்னும் கொஞ்சம் ஆசை கூடினவர்கள் கூரையைக் கழற்றிப் பார்ப்பார்கள், மனதுக்குள். அந்த ஆசைக்கு வெல்டிங் கம்பி தேவையில்லை. ஒரு நல்ல படமும், படம் திருத்தும் மென்பொருள் ஒன்றும், நாலைந்து இரவும் போதும்.

மென்பொருளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கிம்ப் இலவசம், இணையம் இல்லாமலே ஓடும். போட்டோபீ பிரௌசருக்குள்ளேயே திறக்கும், போட்டோசொப் பழகினவர்களுக்குக் கை உடனே வசப்படும். போனில் மட்டும் செய்ய நினைப்பவர்கள் ஸ்னாப்சீட்டில் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யலாம். உடலை வெட்டி மாற்றுவதற்கு லேயர், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்கள், வேண்டும், அதற்குக் கணினியே நல்லது.

பெரும்பாலான படங்கள் கெட்டுப்போவது மென்பொருளால் அல்ல. கார் என்பது தகரம், சட்டகம், சில்லு, ஆள் இருக்கிற இடம் எல்லாம் சேர்ந்த பொருள் என்பதைப் படம் செய்பவர் மறந்துவிடுகிறார். கராச்சில் ரிங்கர் வேலை, அதாவது காரின் தகர வேலை, செய்பவரிடம் “இந்த இடத்தில் வெட்டுங்கோ” என்றால் அவர் முதலில் கேட்பது, “வெட்டினால் இதை எது தாங்கும்?” என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உங்களுடைய படத்தின் நோய் எது என்று தேடுங்கள்.

காரை நீட்டினேன், சில்லும் சேர்ந்து நீண்டுவிட்டது

முழுக்காரையும் பிடித்து இழுத்திருக்கிறீர்கள். திரும்பி முதல் படத்துக்குப் போங்கள். இரண்டு சில்லுகளையும் தனித்தனி லேயரில் வெட்டி வையுங்கள். கதவுக் கைபிடி, பிணைச்சல், மூலை விளக்கு, பட்ஜ் எல்லாவற்றையும் அதேபோல. இவை எதுவும் நீளக்கூடாதவை. பிறகு கதவின் தட்டையான நடுப்பகுதியில் ஒரு செங்குத்துத் துண்டை மட்டும் தெரிந்தெடுத்து அதை அகலமாக்குங்கள். பின்பகுதி முழுவதும் அப்படியே பின்னால் நகர வேண்டும், சில்லோடு சேர்ந்து.

எவ்வளவு நீட்டுவது? கண் மதிப்பை நம்ப வேண்டாம். பக்கவாட்டுப் படத்தில் சில்லையே அளவுகோலாக எடுங்கள். மொறிஸ் மைனரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 2184 மி.மீ.; ரயரோடு சேர்த்துச் சில்லின் உயரம் ஏறத்தாழ 60 செ.மீ. ஆக, இரண்டு அச்சுக்கும் நடுவில் மூன்றரைச் சில்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். உங்கள் படத்தில் அது ஐந்தாகிவிட்டதென்றால் கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடும் நீளக் கார்தான் கிடைக்கும்.

நீட்டாமலே முடியுமா என்றும் யோசியுங்கள். மைனரின் எஸ்டேட் (கூரை பின்முனை வரை நீளும்) வடிவமான டிராவலர் 1953இல் வந்தபோது அச்சு இடைவெளி மாறவில்லை. பின்னால் மரச்சட்டம் போட்ட பெட்டியை ஏற்றினார்கள், அவ்வளவுதான். பேஜோ 404 வேறு கதை. சலூனுக்கு (சாதாரண மூடிய காருக்கு) 2650 மி.மீ., எஸ்டேட்டுக்கு 2840 மி.மீ. என்று தொழிற்சாலையே 19 செ.மீ. கூட்டியது. மைனர் எஸ்டேட் வரைகிறவர் நீட்டினால் அது பிழையாகத் தெரியும். 404 எஸ்டேட் வரைகிறவர் நீட்டாவிட்டால்தான் பிழையாகத் தெரியும். காரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு மவுஸைத் தொடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அகலமாக்கும் ஆசை வந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், முதல் மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவில் 4 அங்குலம் இடைவெளி விட்டுப் பார்த்தார். பிடித்துப்போய்விட்டது. அதனால்தான் மைனரின் பொனற்றுக்கு நடுவே ஒரு தட்டையான பட்டி ஓடுகிறது. ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்துப் போட்டார்கள். முன்பக்கப் படத்தை அகலமாக்கும்போது அதே இடத்தில் வெட்டுங்கள். விளக்கும் கிரில்லும் வளையாமல் தப்பும்.

பிக்கப்பாக்கினேன், விளையாட்டுச் சாமான் மாதிரி நிற்கிறது

கபினின் பின்சுவர் தவறான இடத்தில் இருக்கிறது. பத்தில் எட்டுப் படத்தில் நோய் இதுதான்.

நாலு கதவுக் காரை எடுத்து, பின்கதவை அழித்து, முன்கதவு முடிகிற இடத்திலேயே சுவரை எழுப்பிவிடுகிறார்கள். ஆனால் நாலு கதவுக் காரில் ஓட்டுநரின் இருக்கை முதுகு கதவுத் தூணுக்குப் பின்னாலும் கொஞ்சம் போகும். அப்படியானால் ஓட்டுகிற மனிதரின் முதுகு எங்கே? சுவருக்கு வெளியே! இரண்டு கதவுக் காரில் கதவு நீளம். அதனால் கபின் தானாகவே சரியாக வரும். உங்களிடம் இருப்பது நாலு கதவுக் காரின் படம்தான் என்றால், பின்கதவிலிருந்து ஒரு சாண் அளவு தகரத்தை முன்கதவுக்குக் கொடுங்கள், கதவுக் கோட்டைப் பின்னால் தள்ளி வரையுங்கள், பிறகு சுவர்.

அடுத்தது பெட்டி. மைனரின் சலூனுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். ஆனால் தொழிற்சாலை விட்ட மைனர் வான், பிக்கப் இரண்டுக்கும் கீழே தனிச் சட்டகம் இருந்தது. கபின் ஒன்று, பெட்டி வேறொன்று. படத்திலும் அப்படியே தெரிய வேண்டும்: கபினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கருமையான இடைவெளி விடுங்கள். அந்த ஒரு கோடு விழுந்தவுடனே படம் நம்பும்படியாகிவிடும். ஒஸ்ரின் ஏ40 சமர்செற் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. 1952 முதல் 1954 வரை வந்த அந்தக் காருக்குச் சலூனிலேயே தனிச் சட்டகம். பெட்டியை ஏற்றினாலும் கேள்வி கேட்க ஆளில்லை.

பெட்டியின் உட்பக்கம் வரைவதுதான் வேதனை. கொஞ்சம் மேலிருந்து எடுத்த படமென்றால் தரை தெரியும், எதிர்ப்பக்கச் சுவரின் உள்முகம் தெரியும், சக்கர வளைவு முட்டிக்கொண்டு நிற்கும். குறுக்குவழி ஒன்று உண்டு: நெல்மூட்டை ஏற்றிவிடுங்கள். சாக்கு எல்லாப் பிழையையும் மூடும், வன்னிக் காருக்கு அது பொய்யும் அல்ல. மூட்டை ஏற்றினால் பின்பக்கம் பதிய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஏழெட்டு மூட்டையோடு ஒரு பழைய கார் நிமிர்ந்து நிற்பதை யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரைக்கும் எவரும் நம்பமாட்டார்கள்.

கூரையை எடுத்தேன், காருக்குள்ளே ஒன்றுமில்லை

கூரை இருந்தவரை உள்ளே இருட்டு. ஒன்றும் தெரியாது, ஒருவரும் தேடவும் மாட்டார்கள். கூரை போனதும் வெயில் உள்ளே விழுகிறது. இருக்கை, ஸ்ரியரிங், எதிர்ப்பக்கக் கதவின் மேல்விளிம்பு, தரை எல்லாம் வேண்டும். அதே காரின் கதவைத் திறந்து உள்ளே இரண்டு மூன்று படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் இருக்கையைவிட, கிழிந்த தோலோடு இருக்கும் சொந்த இருக்கைதான் படத்துக்குப் பொருந்தும்.

முன்கண்ணாடிச் சட்டத்தைத் தொடாதீர்கள். அது பெரும்பாலான திறந்த கார்களில் நிற்கும். நாலு கதவுக் காரென்றால் நடுத்தூண் இடைஞ்சல்: தூணை வெட்டினால் பின்கதவைத் தாங்குவது எது? ஆகவே இரண்டு கதவாக மாற்றுவதே வழி. மைனரின் உண்மையான திறந்த கார் இரண்டு கதவில்தான் வந்தது.

மடித்த துணிக்கூரை எங்கே போனது என்பதைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. அது காற்றில் கரையாது. பின்னிருக்கைக்குப் பின்னால் ஒரு குவியலாக இருக்க வேண்டும். வொக்ஸ்வாகன் ‘வண்டு’ (பீட்டில்) காரைப் பாருங்கள்: கார்மான் நிறுவனம் செய்த திறந்த காரில் மடித்த கூரை, பின்பக்கத்தில் ஒரு மூட்டை வைத்தது போல உயர்ந்து நிற்கும். அந்தக் காருக்கு எஞ்சினும் பின்னால்தான், கூரை கீழே இறங்க இடமில்லை. அந்தக் குவியலை வரையாமல் விட்டால் பார்க்கிறவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஏதோ குறை என்று மட்டும் தெரியும்.

கூரைக்குப் பின்னால் மறைந்திருந்த பனை, வேலி, வானம் எல்லாம் இப்போது தெரிய வேண்டும். கார் நகர்ந்த பிறகு, போனை அதே இடத்தில் வைத்து வெறும் பின்னணியை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இந்த வேலை ஐந்து நிமிடம். எடுக்காவிட்டால், பக்கத்து இடத்தைப் பிரதியெடுத்துப் பூசும் குளோன் கருவியோடு ஒரு இரவு. கடைசியாகத் தரையில் விழுந்த நிழலிலும் கூரையை வெட்டுங்கள். கூரையில்லாத காருக்குக் கூரை நிழல் விழுகிற படங்கள் எவ்வளவோ உண்டு.

நிறம் மாற்றினேன், பிளாஸ்டிக் போல மினுங்குகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நல்ல படமும் கெட்ட படமும் பிரிவது இங்கேதான்.

காரின் பக்கத் தகரம் ஒரு மங்கின கண்ணாடி. பொனற்றிலும் கூரையிலும் வானம் தெரியும், கதவின் மேற்பாதியில் எதிரே உள்ள மரமும் வானமும், கீழ்ப்பாதியில் நிலம். வானமும் நிலமும் சந்திக்கிற கோடு கதவின் நடுவே காரின் நீளத்துக்கு ஓடும். கிரவல் றோட்டில் நிற்கிற வெள்ளைக் காரின் கீழ்ப்பகுதியை உற்றுப் பாருங்கள்: அது வெள்ளை அல்ல, செம்மை கலந்த பழுப்பு. கிரவலின் நிறம் தகரத்தில் ஏறியிருக்கிறது. ஒரே நீலத்தைக் கதவு முழுவதும் சமமாகப் பூசினால் அந்தச் செம்மை அழிந்துவிடும். அதுவும் போனால் கார் கிரவலில் நிற்கவில்லை, கடைக் கண்ணாடிக்குள் நிற்கிறது.

கிம்ப்பில் செய்யும் முறை: உடலின் தகரப் பகுதியை மட்டும் மாஸ்க் செய்து (மற்ற இடத்தில் நிறம் ஏறாமல் மறைத்து), புதிய லேயரில் நிறத்தைக் கொட்டி, லேயர் முறையை எச்எஸ்எல் கலர் என்று மாற்றுங்கள். வெளிச்சமும் நிழலும் பழையபடி இருக்கும், நிறம் மட்டும் மாறும். பிறகு மாஸ்க்கின் கீழ்ப்பகுதியில் மென்மையான தூரிகையால் கொஞ்சம் கறுப்பு தடவினால் கிரவல் செம்மை திரும்ப எட்டிப் பார்க்கும். நிக்கல் பூச்சுப் பட்டி, பம்பர், விளக்கு வளையம், ரப்பர் எல்லாம் மாஸ்க்குக்கு வெளியே இருக்க வேண்டும். நிக்கலில் புதிய நிறத்தின் சாயல் சற்றே விழலாம், முழுக்க ஏறக்கூடாது.

இந்த முறை இரண்டு கார்களில் வேலை செய்யாது. வெள்ளைக் காரில் நிறம் வெளிறித் தெரியும். அதற்கு லேயர் முறையை, கீழுள்ளதை இருட்டாக்கிக் கலக்கும் மல்டிப்ளை ஆக்குங்கள். கறுப்புக் காரில் ஒன்றுமே தெரியாது; முதலில் வெளிச்ச அளவை மாற்றும் கர்வ்ஸ் கருவியால் தகரத்தைச் சாம்பல் நிறம் வரைக்கும் உயர்த்தி, அதற்கு மேல் மல்டிப்ளையில் நிறம் போடுங்கள். உயர்த்தும்போது படத்தின் புள்ளிகள் கிளம்பும். அதனால் கறுப்புக் காரை வெளிர் மஞ்சளாக்க ஆசைப்படாதீர்கள். கரும்பச்சை, கருஞ்சிவப்பு போதும்.

உடலை நீட்டினவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்த வானமும் நிலமும் சந்திக்கிற கோடு முன்மட்காட்டிலிருந்து பின்மட்காட் வரை உடையாமல் ஓடுகிறதா? ஒட்டின இடத்தில் கோடு ஒரு நூல் இறங்கினாலும் தகரம் நெளிந்ததாகத் தெரியும். படத்தை வளைக்கும் வார்ப் கருவியால் மெதுவாக ஏற்றிவிடுங்கள். கராச்சில் பட்டி போட்டுத் தேய்க்கிற வேலையும் இதுதான், கை மட்டும் அழுக்காகாது.

இன்னொரு இரகசியம்: புழுதி படிந்த கார் படம் திருத்த மிக நல்லது. புழுதி பிரதிபலிப்பைக் கொன்றுவிடும், ஒட்டு தெரியாது. படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டுக்காரர் வாளியும் துணியுமாக வந்தால், “ஐயா, கழுவ வேண்டாம், இப்படியே நிக்கட்டும்” என்று தடுத்துவிடுங்கள். அவருக்கு மனம் வராது. உடல் வடிவம் மாற்றுவதற்குப் புழுதியோடு ஒரு படம், பெருமைக்குக் கழுவின பிறகு ஒரு படம் என்று சமாதானம் பேசலாம்.

வேறு படத்திலிருந்து எடுத்த பகுதி பொருந்தவில்லை

முதலில் வெளிச்சம். இணையத்தில் கிடைக்கும் ஒஸ்ரின், மொறிஸ் படங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் எடுத்தவை. அங்கே கோடை நண்பகலிலும் சூரியன் தலைக்கு நேரே வராது. வெளிச்சம் சாய்ந்துதான் விழும், பாதி நாள் முகில். கிளிநொச்சியில் சித்திரைப் புத்தாண்டு நாட்களில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். கூரை வெளுத்து, கதவு இருண்டு, நிழல் காருக்குக் கீழேயே ஒடுங்கிவிடும். அந்தப் படத்தில் இங்கிலாந்து மட்காட்டை ஒட்டினால் பொருந்தாது, எந்தப் பில்டரும் உதவாது. காலை எட்டு மணிக்கு முன்னரோ மாலை ஐந்து மணியளவிலோ உங்கள் காரைப் படமெடுங்கள். அந்தச் சாய்வு வெளிச்சத்துக்கு இரவல் பகுதி கிடைப்பது சுலபம்.

அடுத்தது வயது. ஒரே பெயரில் வந்த கார்களுக்குள்ளேயே மாற்றம் உண்டு. மைனருக்கு 1956 வரை முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு துண்டு. பிறகு ஒரே வளைந்த கண்ணாடி. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்ற கார் வகையில் 1959இல் வந்த ஏ55இன் பின்மட்காட் முனைகள் கூர்மையாக எழும்பி நிற்கும். 1961இல் ஏ60 வந்தபோது அவற்றைத் தணித்துவிட்டார்கள். இரண்டையும் கலந்தால் அந்தக் காரோடு வாழ்ந்த பெரியவர்கள் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள். வாடகைக் கார் ஓட்டியவர்களிடம் படத்தைக் காட்டிப் பாருங்கள், இதைவிடக் கடுமையான பரீட்சை இல்லை.

இந்த இரண்டும் சரியென்றால் மிச்சம் சின்ன விஷயங்கள். இரவல் பகுதி உங்கள் படத்தைவிடக் கூர்மையாக இருந்தால் படத்தை மங்கவைக்கும் கௌசியன் பிளர் ஒரு பிக்சலுக்குக் குறைவாகக் கொடுங்கள். சிறிய படத்தைப் பெரிதாக்காதீர்கள். பெரியதைச் சிறிதாக்குவதே வழி. விளிம்பில் பழைய பின்னணியின் பச்சையோ வெள்ளையோ ஓடினால் மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே இழுங்கள். கடைசியில் எல்லா லேயருக்கும் மேலே ஒரே அளவு நொய்ஸ் (பொடிப் புள்ளிகள்) தூவினால் முழுப்படமும் ஒரு கமராவில் எடுத்ததாகிவிடும்.

சில்லு திரும்பி நிற்கிறதா, நேராக நிற்கிறதா என்று தெரியவில்லை

முக்கால்வாசிப் பக்கம் தெரியும் படத்தில் சில்லு வட்டமாக இராது, நீள்வட்டமாக இருக்கும். அந்த நீள்வட்டத்தின் குறுகிய அகலம் அச்சுக்கம்பி போகிற திசையிலேயே விழ வேண்டும். கிம்ப்பில் ஒரு கோட்டை இழுத்து முன்சில்லின் நடுவையும் எதிர்ப்பக்க முன்சில்லின் நடுவையும் இணைத்துப் பார்த்தால் திசை கிடைக்கும். அலோய் றிம் போடுபவர்கள் நேராக எடுத்த றிம்மை அப்படியே நசுக்கி ஒட்டுகிறார்கள். றிம்முக்கு ஆழமும் உண்டு, உள்பக்க விளிம்பும் சேர்ந்து நகர வேண்டும். என்னைக் கேட்டால் 1950களின் காருக்கு 17 அங்குல அலோய் றிம்மே வேண்டாம்.

கார் காற்றில் மிதக்கிறது

ரயர் தரையைத் தொடுகிற இடத்தில் மிகக் கறுப்பான, மிக ஒடுங்கிய நிழல் ஒன்று வேண்டும். அதைச் சுற்றி அகலமான, மென்மையான நிழல் இரண்டாவது. இரண்டையும் ஒரே லேயரில் போடாதீர்கள். நிறம் கறுப்பு அல்ல: நிலத்தின் நிறத்தையே தெரிந்தெடுத்து, இருட்டாக்கி, மல்டிப்ளையில் போடுங்கள். கிரவல் நிழல் கருஞ்செம்மை, மணல் நிழல் சாம்பல் கலந்த பழுப்பு. பிறகு ரயரின் அடி விளிம்பை நாலைந்து கல்லாலோ புல்லாலோ மறைத்துவிடுங்கள். முல்லைத்தீவுப் பக்க மணலென்றால் ரயர் ஒரு விரலாவது புதைந்திருக்க வேண்டும்.

மூக்கு பெருத்து, பின்பக்கம் சுருங்கிவிட்டது

போனைக் காருக்கு மிகக் கிட்ட வைத்து எடுத்த படம். திருத்த முயலாமல் திரும்ப எடுங்கள். ஏழெட்டு மீற்றர் பின்னால் போய், இரண்டு மடங்கு சூம் வைத்து, கதவுக் கைபிடி உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். வன்னி வளவுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் கார் நிற்பது விறகுக் குவியலுக்கும் லான்ட்மாஸ்டருக்கும் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கும்) நடுவே. நாலு பேரைப் பிடித்து வெளியே தள்ளுங்கள். சில்லு இறுகிப்போய்த் தள்ள முடியாவிட்டால் பக்கவாட்டில் மட்டும் எடுத்து, பக்கவாட்டு வடிவம் மட்டும் செய்வதே மரியாதை.

இருப்பது அல்பத்தில் ஒரே ஒரு பழைய படம்

இங்கே பல குடும்பங்களின் நிலை இதுதான். இடம்பெயர்ந்த காலத்தில் காரும் போய், அல்பமும் போய், வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் அனுப்பி வைத்ததால் தப்பின படம் ஒன்று. காரின் பொனற்றில் சாய்ந்தபடி யாராவது நிற்பார்கள். மண்ணெண்ணெயில் ஓடின காலத்துக் காரென்றால் புகைக்குழாய் அருகே பின்பம்பர் கறுத்திருக்கும், அழுக்கென்று துடைத்துவிடாதீர்கள்.

ஒட்டும் தாளில் பதிந்த படத்தை உரிக்க வேண்டாம். பிளாஸ் இல்லாமல், நிழலான வெளிச்சத்தில், போனைப் படத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்து எடுங்கள். முதற்பிரதியைத் தொடாமல் வேறோர் இடத்தில் சேமித்துவிட்டு, பிரதியில் வேலை செய்யுங்கள். புதிய பகுதியை முதலில் கறுப்புவெள்ளையாக்கி, பழைய படத்தின் மஞ்சளுக்குக் கொண்டுவந்து, கடைசியில் நொய்ஸ். பழைய படத்தில் முழுக்கறுப்பு இராது, மங்கின பழுப்புத்தான் இருக்கும். லெவல்ஸ் கருவியில் புதிய பகுதியின் கறுப்பையும் அங்கேயே நிறுத்துங்கள்.

சாய்ந்து நிற்கிறவரைத் தொடாமல் காரை மட்டும் மாற்றுங்கள். அவரது கை படிந்த இடத்தில் தகரம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். படத்தின் மூலையில் “கற்பனை” என்று ஒரு சொல் எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் “அப்பப்பாவிடம் திறந்த கார் இருந்தது” என்று சண்டை பிடிப்பார்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தேன், வேறு கார் வந்தது

வரும். முழுக்காரையும் தெரிந்தெடுத்து “இதைப் பிக்கப்பாக்கு” என்றால், அந்தக் கருவி தனக்குப் பழகின ஏதோவோர் அமெரிக்கக் காரின் முகத்தைப் போட்டுவிடும். கதவில் இரண்டு கைபிடி, பாதி எழுத்தில் ஒரு பட்ஜ். பின்னணியை நிரப்ப, கூரைக்குப் பின்னால் மரம் வளர்க்க, பெட்டிக்குள் சாக்கு அடுக்க அதைப் பயன்படுத்துங்கள். சிறிய பகுதிகளாகத் தெரிந்தெடுத்துக் கொடுங்கள். கிரில், விளக்கு, மட்காட் வளைவு மூன்றும் உங்கள் படத்திலிருந்தே வர வேண்டும். காரை அடையாளம் காட்டுவது அந்த மூன்றுதான்.

சில்லறைப் பிரச்சினைகள்

ஸ்ரியரிங் இடப்பக்கம் வந்துவிட்டதா? இரவல் பகுதிக்கு ஏற்றபடி படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பியிருக்கிறீர்கள். பெற்றோல் மூடியும் துடைப்பானும் சேர்ந்து மாறியிருக்கும். திரும்பத் திருப்புங்கள், இரவல் பகுதியை மட்டும் மாற்றுங்கள்.

கணினி இழுபடுகிறதா? பழைய லப்டொப்புக்கு 12 மெகாபிக்சல் படமும் பதினைந்து லேயரும் பாரம். நீளப் பக்கம் 3000 பிக்சல் போதும். கிம்ப் கோப்பாக அடிக்கடி சேமியுங்கள்; கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு தடவையும் மங்குகிறதா? ஜேபெக்காகச் சேமித்து, திறந்து, திரும்ப ஜேபெக்காகச் சேமிக்கிறீர்கள். வேலை முடியும் வரை கிம்ப் கோப்பு, கடைசியில் ஒரு தடவை மட்டும் ஜேபெக். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுங்கும், டொக்கியுமெண்டாக அனுப்புங்கள்.

ஆசை முற்றி உண்மையிலேயே கராச்சுக்குப் போகிறவர்கள், அழகான முக்கால் பக்கப் படத்தை ரிங்கர்காரரிடம் நீட்டாதீர்கள். அவருக்கு வேண்டியது நேர்ப்பக்கவாட்டுப் படம், மேலே அச்சு இடைவெளி, கபின் நீளம், பெட்டி உயரம் என்று மில்லிமீற்றரில் எழுதி. அதற்கு முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்: பதிவுப் புத்தகத்தில் உடல் வகையும் எழுதியிருக்கிறது, காரென்று எழுதின வாகனம் பிக்கப்பாக றோட்டில் இறங்கினால் ஓமந்தை தாண்டுவதற்குள் யாராவது மறிப்பார்கள்.